கடைசிக் கதவு

"அன்னைக்கே நான் ராஜகுமாரிய காப்பாத்தியிருப்பேங்க" என்று சொல்லிக்கொண்டே துஷாந்த் ஒரு கைப்பேசியின் முதுகைத் திறக்கிறார். பொகவந்தலாவை பஜாரில் பழுதுபார்க்கும் கடை அவருடையது. திரையை மாற்றக் கொடுத்தவர் இந்தக் கதையை முழுவதும் கேட்டே ஆகவேண்டும். எழுந்து போகவும் முடியாது, கைப்பேசி துஷாந்தின் கையில் இருக்கிறது.

கதை இதுதான். அவர் சிறுவனாக இருந்தபோது, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கே ஒரு டிவி கேம். பிள்ளைகள் அத்தனை பேரும் ஈர ஸ்வெட்டரோடு ஒரே காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, துஷாந்த் சிறைப்பட்ட ராஜகுமாரியைத் தேடி ஏழு கோட்டைகளைத் தாண்டிக் கடைசிக் கதவுக்கு வந்துவிடுவார். "தொறக்கப் போறேன்... பக்கத்து வீட்டு வீரம்மா அத்தை துணி தேய்க்க அயனப் போட்டாங்க. பியூஸ் போச்சு! முழு லயமும் இருட்டு!"

இதைச் சொல்லும்போது அவர் முகம் உண்மையாகவே பத்து வயதுக்குத் திரும்பிவிடும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் கோட்டை விட்டதற்கும், கொழும்பு வேலை நிலைக்காததற்கும் அவர் அதே அயனைத்தான் காரணம் காட்டுவார். "அன்னைக்கே மனசு விட்டுப்போச்சுங்க."

போன வாரம் யாரோ பழைய டிவி கேம் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். உள்ளே அதே விளையாட்டு. அந்த நேரம் பார்த்து கைப்பேசிக்கு ரீலோட் போட வந்த வீரம்மா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வெளையாடு தம்பி. இம்புட்டு வருஷமா எம்மேலதான பழி? இங்க அயனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

துஷாந்த் விளையாடினார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. கோட்டைகள் மளமளவென்று விழுந்தன. பஜாருக்கு வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசிக் கதவு வந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. கையில் ஒரே ஒரு உயிர்தான் பாக்கி. தோற்றால் இத்தனை வருடப் பெருமையும் காற்றில் போகும். ஜெயித்தாலோ, மற்றத் தோல்விகளுக்குச் சொல்ல அவரிடம் வேறு காரணம் இல்லை.

மேசைக்கு அடியில் இடது கால் செருப்பை விட்டு மெதுவாக வெளியே வந்தது. கட்டைவிரல் சுவரோரத்துச் சுவிட்சைத் தேடிப் பிடித்து அழுத்தியது. திரை இருண்டது.

"பாத்தீங்களா அத்தை, கரண்டு போச்சு!"

வீரம்மா நிமிர்ந்து, தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். துஷாந்த் எழுந்து போய் அதையும் அணைத்தார்.