மழைக்குப் பயந்தவர்

திருப்பூரில் மழையைக் கண்டால் முகம் வெளிறிப்போகும் ஒருவரிடம் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். தகரக் கூரையில் முதல் துளி விழுந்த சத்தம் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். வாயில் போட்ட முறுக்கைக்கூட மெல்லாமல் அப்படியே நிற்பார். ஒரு மேகம் கூடினால் ஊரே வாசலுக்கு வந்து பார்க்கிற சீமையில் இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்குச் சிரிப்பு வரும். சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பாளர். இன்சார்ஜ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேதியியல் படித்து முடித்த கையோடு நான் அங்கே தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

சாயம் ஏற்றிய தண்ணீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புவோம். கடைசியில் மிஞ்சுவது டிகாக்‌ஷன் நிறத்தில் கறுத்த உப்புத் தண்ணீர். அதை எவாப்பரேட்டரில் விட்டுக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால்தான் தீரும். அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும், பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். லாரி லாரியாகச் சீமைக்கருவேலம் வந்து இறங்கும். "ஆத்தைக் காப்பாத்தணும்னு காட்டை எரிச்சுக்கிட்டு இருக்கோம் தாயி" என்பார் பாய்லர் பார்த்த தெற்கத்திக்காரர். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கரண்ட் போனால் எவாப்பரேட்டர் நிற்கும், அது நின்றால் கறுத்த தண்ணீர் தொட்டியில் ஏறும். தொட்டிக்கு அப்புறம் ஓடை, ஓடைக்கு அப்புறம் நொய்யல் ஆறு.

அந்தத் தொட்டி திறந்த தொட்டி. அளவு காட்ட மீட்டர் இருந்தும் இன்சார்ஜ் அதை நம்ப மாட்டார். கரையில் மண்டியிட்டு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கையை விரித்துச் சாண் போட்டுப் பார்ப்பார். அப்படியே நடந்து மூலையில் இருந்த பழைய வால்வுக்குப் போவார். இந்தச் சட்டதிட்டமெல்லாம் வருவதற்கு முன் தண்ணீரை நேராக ஓடைக்கு விட்ட குழாயின் வால்வு அது. இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று அதன் சக்கரத்தை ஒரு தடவை பிடித்துப் பார்ப்பார். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இது நடக்கும். அவருடைய பயம் எங்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. அவர் மாதிரியே மண்டியிட்டு நடித்துக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். இத்தனைக்கும் எங்கள் தோட்டம் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பிப் போனதைச் சின்ன வயதில் பார்த்தவள் நான். யார் பயப்பட வேண்டுமோ அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உப்புத் தண்ணீர் காய்ச்சும் வீட்டு அண்டாவில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு எவாப்பரேட்டர் குழாய்களுக்குள்ளும் ஏறும். அவ்வப்போது நிறுத்திக் கழுவ வேண்டும். கழுவ ஒன்றரை நாள் ஆகும், அதுவரை சாயம் போடுவதையும் நிறுத்தியாக வேண்டும். நான் சேர்ந்த நான்காவது வருடக் கோடையில் கழுவும் நாள் வந்து, தாண்டியும் போனது. விறகை எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் குறைய மாட்டேன் என்கிறது என்று பாய்லர்காரர் புலம்ப ஆரம்பித்தார். பட்டறையிலோ கப்பலுக்குப் போக வேண்டிய துணி வரிசையாக நின்றது. முதலாளியிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்க இன்சார்ஜுக்குப் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். என்னிடம் வந்து, "ஏனுங்க அம்மிணி, என்ன பண்றதுங்க?" என்றார். நான் அலட்சியமாக, "முதல்ல லெவல் இறங்கட்டுங்க சார், அப்புறம் கழுவிக்கலாங்க" என்றேன். கழுவாததால்தான் லெவல் இறங்கவில்லை என்பது படித்த என் மண்டையில் ஏறவில்லை. தொட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மாதிரி ஆட்கள் செய்யக்கூடிய தப்பு அது. தொட்டி நிறைந்துவிடுமே என்று பயந்து, தொட்டியைக் காலி செய்கிற ஒரே இயந்திரத்தையும் கழுவாமல் அடைக்கவிட்டோம்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி வாக்கில் வானம் இருண்டது. காற்று கிளம்பியதும் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் அது பட்டறைக்குத்தான் காணும். எங்கள் எவாப்பரேட்டர் பெருமூச்சு விட்டு அடங்கியது. பட்டறையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்க, மேலிருந்து மழையும் கொட்டியது. இன்சார்ஜுக்குச் சாண் போட இடமில்லை. நான்கு விரல் வைத்துப் பார்த்தார், பிறகு மூன்று விரல். "நா போய் மிஷினை நிறுத்தச் சொல்றனுங்க, நீங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் குடைகூட இல்லாமல் பட்டறைப் பக்கம் ஓடினார்.

அவர் போனதும் அலுவலகப் போன் அடித்தது. முதலாளி. கோபமாகக்கூட இல்லை, குழந்தையைத் தேற்றுவது போலப் பேசினார். "மழெ நல்லாப் பேயுதுங்களா? ஓடையில தண்ணி போகுதுங்களா? செரி, பாத்துச் செய்யுங்க அம்மிணி." அவ்வளவுதான். வால்வு என்ற சொல்லை அவர் வாய் திறந்து சொல்லவேயில்லை. அந்த மழையில் ஓடைக்குள் எது கலந்தாலும் நிறம் தெரியாது என்பது எனக்கும் புரிந்தது. தொட்டி வழிந்தால் அதிகாரிகள் வந்து பிரிவுக்குச் சீல் வைப்பார்கள், வேலை போகும் என்று பயந்தேன். நனைந்துகொண்டே போய் அந்தச் சக்கரத்தைத் திருப்பினேன். அது கிறீச்சிட்டுத் திரும்பியது. செம்மண் நிறத்தில் ஓடிய வெள்ளத்துக்குள் கறுப்பாக ஒன்று இறங்கிப் போனதைப் பார்த்தேன். எங்கள் கிணறு எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. என் கையை விலக்கிவிட்டு இன்சார்ஜ் சக்கரத்தைப் பிடித்து மூடினார். பட்டறை மாஸ்டர் நிறுத்த முடியாது என்று விரட்டியடித்திருந்தார். எதற்கும் நடுங்குகிற அந்த மனிதர் நேராகப் போய், பட்டறைக்குத் தண்ணீர் போகும் மெயின் குழாயை அடைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார். மூன்று மிஷின்களில் துணி பாதிச் சாயத்தோடு நின்று திட்டுத் திட்டாகிப் போனது. தொட்டி விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது.

மறுநாள் முதலாளி எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, தண்ணீரை அடைத்துத் துணியை வீணாக்கியது யார் என்று கேட்டார். "தொட்டி நெறஞ்சுதுங்க, நிறுத்துனனுங்க" என்பதைத் தவிர இன்சார்ஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சட்டைப்பையில் பேனா ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவு நடுக்கம். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு எட்டு முன்னால் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள், சில மாதத்தில் அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நாற்காலியோடு அவருடைய பயமும் வந்து சேர்ந்தது. இப்போது பட்டறைக் கூரைமேல் சூரியத் தகடுகள் பளபளக்கின்றன, கோடை வெயிலில் பாதிப் பம்பு அதில் ஓடுகிறது. மேகம் மூடினால் அதுவும் படுத்துக்கொள்ளும். தகரத்தில் துளி விழும் சத்தம் கேட்டால் நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். மண்டியிட்டுச் சாண் போடும்போது என் முதுகுக்குப் பின்னால் புதுப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

போன மாதம்தான் அவரைத் தேடிக்கொண்டு காங்கேயம் போனேன். ஒரு எண்ணெய் ஆலையின் களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப்போடுவதை மேற்பார்க்கிறார். மேற்கே வானம் கறுத்திருந்ததால் ஆட்களைத் தார்ப்பாய் இழுக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். மழைக்குப் பயப்படுகிற வேலையாகவே பார்த்துப் பிடித்திருக்கிறாரே என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் நலம்கூடக் கேட்கவில்லை.

"லெவல் எவ்வளவுங்க அம்மிணி?"

"ஒரு சாணுங்க சார். கழுவுற நாளு தாண்டிப் போச்சுங்க. ஆர்டர் இருக்குதுன்னு முதலாளி விட மாட்டீங்கறாரு."

அவர் வானத்தைப் பார்த்தார். நான் வருடக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னேன். "சார், அன்னைக்கு அந்த வால்வை நாந்தானுங்க தொறந்தேன். ரெண்டு சுத்து."

"மூணுங்க" என்றார். "மூடுனவனுக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தார்ப்பாயின் முனையில் கல் வைத்துக்கொண்டே, "சொல்லியிருந்தா உங்களையும் அனுப்பிப்போடுவாங்க. அப்புறம் அந்த வால்வுக்குப் பக்கத்துல பயந்த ஆளுன்னு ஒருத்தருமே இருக்க மாட்டாங்களே அம்மிணி" என்றார்.

திரும்பி வரும்போது படியூர் தாண்டியதும் பஸ் கண்ணாடியில் மழை அறைந்தது. பிளான்ட்டுக்குப் போன் போட்டேன். கரண்ட் போய்விட்டதாகச் சொன்னார்கள். பட்டறைக்குப் போகும் தண்ணீரை அடைத்துவிடச் சொன்னேன். மிஷினில் துணி இருக்கிறது மேடம் என்றான் அந்தப் பக்கம் இருந்தவன். இருக்கட்டும், அடை என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முதலாளியின் பெயர் என் போனில் ஒளிர்ந்தது. எடுத்து, "தொட்டி நெறையுதுங்க, நாந்தான் நிறுத்தச் சொன்னனுங்க" என்றேன்.