அப்பா எடுக்காத மூன்று மாத லீவு: குப்பனூர் வழியாக ஏற்காடு

இந்தத் தளத்தில் இதற்கு முன் நான் எழுதிய ஏற்காட்டுப் பதிவுகளில் ஏரி உண்டு, படகு உண்டு, மிளகாய் பஜ்ஜி கட்டாயம் உண்டு. இந்தப் பதிவில் அது எதுவும் கிடையாது. பொங்கல் கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, எழுபத்து மூன்று வயது அம்மாவையும் ஒரு ஃபைலையும் தூக்கிக்கொண்டு மலையேறிய கதை இது. இறந்துபோன அப்பாவின் ராணுவப் பதிவைத் திருத்துவதற்காகப் போனோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஃபைல் இருந்தால் கடைசிவரை படியுங்கள்.

அப்பா பழனிச்சாமி ஏழு வருடம் சிப்பாயாக இருந்தவர். 1971 டிசம்பர் போரில் இடது தோளில் குண்டுச் சிதறல் பாய்ந்து மூன்று மாதத்துக்கு மேல் ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். அதோடு சர்வீஸ் காலமும் முடிந்தது. மறு வருடம் மார்ச் கடைசியில் ஊர் திரும்பி, வெள்ளக்கடைப் பக்கம் தன் அப்பா வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டிலேயே சேர்ந்துவிட்டார். போரில் காயம்பட்டவர்களுக்கு ஒரு பதக்கம் உண்டு. அது அவருக்கு வரவில்லை. மருத்துவமனையில் சேர்த்த விவரம் யூனிட்டுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முந்தைய லீவு என்று யாரோ எழுதி அந்த மாதங்களை மூடிவிட்டார்கள். லீவில் வீட்டில் இருந்த ஆளுக்குக் காயப் பதக்கம் எப்படித் தருவார்கள்?

அப்பா அதைக் கேட்டுப் போகவே இல்லை. "அதான் தோள்லயே இருக்குதே, நெஞ்சுல வேற குத்தோணுமாக்கும்" என்பார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் காலமான பிறகு அவர் பெட்டியில் மருத்துவமனைச் சீட்டு கிடைத்தது. தேதி, காயம், வார்டு எண் எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. நானே மனு எழுதி அனுப்பினேன்.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அப்பாவின் பழைய முகவரிக்கு ஆதாரமாக இருக்கட்டுமே என்று, யாரும் கேட்காத எஸ்டேட் சான்றிதழ் ஒன்றையும் மனுவோடு இணைத்தேன். முத்திரை பளிச்சென்று இருந்த மகிழ்ச்சியில் வரிகளைச் சரியாகப் படிக்கவில்லை. 1971 டிசம்பர் முதல் தேதியிலிருந்து பழனிச்சாமி தினமும் எஸ்டேட்டில் வேலை செய்தார் என்று அதில் இருந்தது.

ராணுவப் பதிவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நீங்கள் இணைத்த சான்றின்படியே அவர் அந்த நாட்களில் எஸ்டேட் பணியில் இருந்திருக்கிறார், ஆகவே காயம் அங்கு ஏற்பட்டதாக இருக்கக்கூடும், முப்பது நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் மனு முடித்து வைக்கப்படும். கடிதம் என் கைக்கு வந்தபோது பதினொரு நாள்தான் மிச்சம்.

படித்துக் காட்டியபோது அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "காப்பிச் செடியில கவாத்து வெட்டறப்ப கத்தி பட்டுச்சுங்கறாங்களா?" என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மூணு மாசமும் வேலைக்குப் போனது நான் கண்ணு. உங்கப்பா பேர்ல போனேன். நான் பாத்த வேலையே அவரைப் பொய்யனாக்கிப் போட்டுச்சே."

ஐம்பது வருடமாக ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எப்பக் கேட்ட?" என்றார். உண்மைதான், நான் கேட்டதே இல்லை.

அந்த நாட்களில் அப்பா அங்கே இல்லை என்று எஸ்டேட் ஆபீஸிலும், அன்று வருகை எழுதியவரிடமும் எழுதி வாங்குவதுதான் திட்டம். இனி பயணம். சேலத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலை 6.45க்குக் கிளம்பினோம். வாடகைக் கார், நாள் முழுவதற்கும் 2,800 ரூபாய். மழையில் சரிந்த இடத்தில் வேலை நடப்பதால் அடிவாரத்திலிருந்து ஏறும் வழக்கமான பாதையில் அன்று வண்டிகளை விடவில்லை. எனவே குப்பனூர் வழி. வழக்கமான பாதையில் 33 கிலோமீட்டர் வரும் தூரம் இதில் 44 ஆனது. ஏற்காடு போய்ச் சேர 1 மணி 50 நிமிடம் பிடித்தது. ஆனால் பேருந்துக் கூட்டம் இல்லாத, நிழலான பாதை. மலைப்பாதையில் வயிறு புரட்டுகிறவர்கள் இந்த வழியில் போவதே மேல்.

7.25க்குக் குப்பனூரில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் செல்வம் கேட்டார். "ஏனுங்க மேடம், போட்டிங் எத்தன மணிக்குப் போறீங்க?"

"போட்டிங் இல்லீங்க. எஸ்டேட் ஆபீஸ்."

"எடம் ஏதாச்சும் வாங்கறீங்களா?"

"எங்கப்பா எடுக்காத லீவை எழுதி வெச்சுட்டாங்க. அதை அழிக்கப் போறோம்."

செல்வம் ஒரு நிமிடம் யோசித்தார். "லீவு எடுத்துட்டு இல்லைன்னு சொல்றவங்களத்தான் பாத்திருக்கறனுங்க" என்று சிரித்தார். பிறகு மலையேறும் வரை பாட்டுச் சத்தத்தைக் குறைத்தே வைத்தார். அம்மா கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் இந்த மலைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கோட்டச்சேட்டைத் தாண்டியதும் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களைப் பார்த்துவிட்டு, "பழுத்ததும் பச்சையும் சேத்து உருவறாங்க, எங்க காலத்துல தொலைச்சுப் போடுவாங்க" என்று குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

ஏற்காடு பஸ் நிலையம் அருகே இட்லி சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து எஸ்டேட்டுக்கு 12 கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் கல் ரோடு. தாழ்வான கார்களைத் தயவுசெய்து கொண்டு போகாதீர்கள். 10.20க்கு ஆபீஸில் இருந்தோம்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் பொறுமைசாலி. பழைய செக்ரோல் புத்தகங்களைத் தேட ஆள் அனுப்பினார். செக்ரோல் என்றால் தினமும் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பெயருக்கு நேராகக் குறிக்கும் எஸ்டேட் பதிவேடு. முக்கால் மணி நேரத்தில் புத்தகம் வந்தது. பழனிச்சாமி என்ற பெயருக்கு நேராக, டிசம்பர் முதல் மார்ச் வரை கோடு கோடாக வருகை. ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் கூட விடுபடவில்லை.

"ஒடம்பு சரியில்லாமக்கூட ஒரு நாள் இருந்ததில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. போகாட்டி ஊடு போயிருமே" என்றார் அம்மா.

அந்தப் பெண் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "புக்குல இருக்கறதுக்குத்தானுங்க நாங்க சீல் போட முடியும். புக்குல அவரு வந்தாருன்னு இருக்குது. அப்படி இல்லைன்னா எழுதுனவருதான் சொல்லோணும். அவரு எழுதிக் குடுத்தா சேத்து அட்டெஸ்ட் பண்ணித் தரச்சொல்லி மேனேஜர்கிட்ட கேக்கறேன். நாலரைக்குள்ள வந்துருங்க."

எழுதியவர் மாணிக்கம். எண்பத்தாறு வயது. முப்பத்து நான்கு வருடம் அந்த எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். இப்போது ஏற்காட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். 12.40க்குப் போய்ச் சேர்ந்தோம். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"பழனிச்சாமி சம்சாரந்தானே நீ? நொம்ப இளைச்சுப் போயிட்டியே சாமி."

அப்பா காலமானதைச் சொன்னோம். எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். காப்பி வந்தது. நான் வந்த வேலையைச் சொல்லி, வீட்டிலேயே டைப் அடித்துக் கொண்டுபோயிருந்த தாளை நீட்டினேன். நல்ல அலுவலகத் தமிழில் எழுதியிருந்தேன். மேற்படி நபர் பணிக்கு வராத நாட்களில் வந்ததாகத் தவறாகப் பதிவு செய்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முப்பத்து நாலு வருசத்துல ஒரு கோடு பொய்யா போட்டதில்லீங்க. அந்த வருசம் புது மேனேஜர் வந்தாரு. செக்ரோல்ல பேர் இல்லாத ஊட்டை எல்லாம் காலி பண்ணச் சொன்னாரு. இவ மாமனாரு செத்து பதினாறு நாள் கூட ஆகல. மகன் பட்டாளத்துல இருக்கறான். கல்யாணம் ஆகி வந்த பொண்ணு பேர்ல லைன் ஊடு எழுத மாட்டாங்க, ஆம்பளப் பேருதான் வேணும். நான் என்ன பண்றது? அந்த ஊட்டுல இருந்து தினம் ஒரு ஆள் வேலைக்கு வந்துச்சு. நான் ஒரு ஆளுக்குக் கோடு போட்டேன். இதுல தப்பு எங்கீங்க?"

கடிதம் எழுதத் தெரியும் என்ற கர்வத்தில், ஒரு மனிதரை அவர் செய்த நல்ல காரியத்துக்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அம்மாதான் பேசினார். "ஏனுங்க ரைட்டரய்யா, நீங்க தப்புன்னு எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. அவரு அங்க ரத்தம் சிந்திக் கெடந்தாரு. இங்க கவாத்துக் கத்தி பட்டுதுன்னு சொல்றாங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியலீங்க."

மாணிக்கம் வீட்டுப் பக்கம் திரும்பி, மருமகளிடம் கோடு போட்ட தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார்.

ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி விழுந்தது. ஒன்பது வரி எழுத ஐம்பது நிமிடம் ஆனது. புது மேனேஜர், காலி செய்யும் உத்தரவு, பட்டாளத்தில் இருந்த மகன் எல்லாவற்றையும் எழுதினார். 'அந்நாட்களில் பழனிச்சாமி எஸ்டேட்டில் இல்லை. அவர் பெயரில் வேலை செய்தவர் அவருடைய மனைவி' என்றவரைக்கும் வந்து நிறுத்தினார். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார்.

"உம் பேரென்ன சாமி?"

முதலில் எனக்கே புரியவில்லை. தினமும் காலையில் ஆள் கூப்பிடும்போது அவர் பழனிச்சாமி என்று கூப்பிட்டிருக்கிறார். புருஷன் பெயரை வாயால் சொல்லாத அம்மா, அந்தப் பெயருக்கு "வந்துட்டனுங்க" என்று முன்னால் போய் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகும் பல வருடம் அதே லைனில், எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்க ரைட்டருக்கு ஒரு நாளும் அவசியமே வரவில்லை.

"தெய்வானைங்க" என்றார் அம்மா, ஏதோ பள்ளிக்கூடத்தில் கேட்டதுபோல நேராக உட்கார்ந்து.

மாணிக்கம் எழுதினார். பிறகு சொன்னார்: "இத்தன வருசத்துல இதைக் கேக்காம உட்டதுதான் நான் பண்ணுன தப்பு. ஆனா அதைக் கடுதாசியில எழுத மாட்டேன். உன்கிட்டச் சொல்றேன்."

அம்மா அழுதுவிட்டார். நானும்தான்.

கல் ரோட்டில் மறுபடி குலுங்கி, 4.10க்கு எஸ்டேட் ஆபீஸ். செக்ரோல் பக்கத்தின் நகல், கடிதம் இரண்டிலும் மேனேஜர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கிளம்பியபோது ஐந்து மணி. ஏரிப் பக்கம் மஞ்சள் வெயில் அடித்தது. செல்வம் வண்டியை மெதுவாக்கி, "அஞ்சு நிமிசம் எறங்கிப் பாக்கறீங்களா?" என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். பால் வாங்கவேண்டுமாம், கடை அடைத்துவிடுவார்களாம். திரும்பும்போதும் குப்பனூர் வழிதான். இரவு 7.15க்கு வீடு.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது. கேட்காத தாளை இணைக்காதீர்கள். இணைக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவமனைச் சீட்டு இரண்டையும் லேமினேட் செய்துவிடாதீர்கள், மை உரிந்து வரும் என்று நகல் கடைக்காரர் எச்சரித்தார். எஸ்டேட் ஆபீஸுக்குச் செவ்வாய் முதல் வெள்ளிக்குள், காலையிலேயே போங்கள். நகல் எடுக்கும் கடைகள் ஏற்காடு கடைவீதியில்தான், வெள்ளக்கடைப் பக்கம் நான் பார்க்கவில்லை. ஸ்வெட்டர் ஜனவரியில் பகலிலும் வேண்டும். சேலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் அலுவலகத்தில் மனுவை ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புங்கள், நான் அதை முதலிலேயே செய்திருந்தால் இந்தச் சுற்றே இருந்திருக்காது. முக்கியமாக, ஊரில் வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது வாசகத்தை நீங்களே டைப் அடித்துக்கொண்டு போகாதீர்கள். வெள்ளைத் தாளைக் கொண்டு போங்கள்.

கெடுவுக்கு எட்டு நாள் முன்பாகவே விளக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து, ஜூன் கடைசியில் பதில் வந்தது. லீவு என்ற பதிவு நீக்கப்பட்டு, போர்க் காயத்துக்கான மருத்துவமனைச் சிகிச்சை என்று திருத்தப்பட்டிருக்கிறது. பதக்கத்துக்குத் தகுதி உண்டு, தனியே அனுப்பி வைக்கப்படும். கூடவே திருத்தத்துக்கு ஆதாரமான தாள்களின் பட்டியல். நான்காவது வரியில் 'திருமதி தெய்வானை அவர்கள் கணவர் பெயரில் பணியாற்றியது குறித்த வாக்குமூலம்' என்று இருந்தது.

அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நான்காவது வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அப்பாவின் படத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அவரு ஆஸ்பத்திரியில, நான் காப்பிக் காட்டுல. இப்பத்தான் கண்ணு, ரெண்டு பேரையும் இருந்த எடத்துல எழுதியிருக்காங்க."