மயிலேறி வந்தவனும் கலப்பை பிடித்தவனும்

வேழமுகத்து மூத்தவன் தாளை முதற்கண் வணங்கி, அவனுக்கு இளையவனாகிய ஆறுமுகப் பெருமான் மலரடியைத் தலைமேற் கொண்டு, தேயாத அன்பும் தடுமாறாத சொல்லும் வேண்டி இதனைத் தொடங்குகிறேன்.

இன்று வைகாசி விசாகம். காலையில் பாற்குடம் கண்டு, பாடவேண்டிய பதிகங்களைப் பாடிவிட்டு வீடு திரும்பினேன். நாற்பதைக் கடந்த என் மகன்மார் இருவரும் கைப்பேசியைப் பார்த்தபடி காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்த நாட்டில் ஒரு கூடைப்பந்து அணியாம். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும் நாள் நெருங்குகிறதாம். இவர்களுடைய அணி யாரை எடுக்கவேண்டும் என்பதில்தான் வழக்கு.

“அஞ்சு பேரு நல்லா ஆடுனாப் போதுமா? அவனுகளுக்கு மூச்சு வாங்குனா எறக்கறதுக்குப் பெஞ்சுல ஆளு வேண்டாமா?” என்றான் மூத்தவன்.

“பெஞ்சுக்கு எவனை வேணாலும் பொறவு எடுத்துக்கலாம்ணா. மொத ஆளு நெட்டையனாத்தான் இருக்கோணும்” என்றான் இளையவன்.

அவர்கள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஓர் ஆளை எதற்காகத்தான் எடுப்பார்கள் என்று கேட்டுவைத்தேன். “செயிக்கத்தானுங்கம்மா, வேறெதுக்கு?” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு செய்தியில் மட்டும் அவர்களுக்குள் பிணக்கில்லை. எனக்கோ என் பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

கேரள எல்லையிலுள்ள கோபாலபுரத்துச் சோதனைச் சாவடியிலிருந்து மேற்கே நடந்தால், வரப்பெல்லாம் கரும்பனை நிற்கும் சிற்றூர் எங்களுடையது. கோயம்புத்தூரில் படித்துத் திரும்பிய என் தாய்மாமன்தான் கூடைப்பந்தை அங்கே கொண்டுவந்தவர். நிலக்கடலை காயவைக்கும் பெரியப்பாவின் சிமெண்டுக் களமே ஆடுகளம். இரு முனைகளிலும் பனந்தண்டை நட்டு, கொல்லரிடம் அடித்து வாங்கிய இரும்பு வளையத்தைப் பொருத்தியிருந்தார்கள். ஆண்டுதோறும் மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு மறுநாள் பெரியப்பா ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் தலைவர்களாக நிற்க, ஊரே கூடி வேடிக்கை பார்க்கும்.

பக்கத்துக்கு எட்டுப் பேர். ஐவர் ஆடுவர், மூவர் களைத்தவர்க்கு மாற்றாக நிழலில் காத்திருப்பர். மாமா கொண்டுவந்த ஆட்டம் அயலதாயினும் ஆள் பிரித்தது எங்கள் முறைப்படிதான். கிளித்தட்டுக்கும் சடுகுடுக்கும் உத்தி பிரிப்பது போலவே இதற்கும் உத்தி பிரிப்பார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து வைக்கோற்போருக்குப் பின்னே போய், ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு வந்து, “இன்னவன் வேணுமா, இன்னவன் வேணுமா?” என்று கேட்பார்கள். எந்தப் பெயருக்குள் எந்த ஆள் இருக்கிறான் என்பது தலைவருக்குத் தெரியாது. பெயரைச் சொன்ன பிறகு வருபவனை ஏற்றே ஆகவேண்டும்; மற்றவன் எதிரணிக்குப் போவான். தலைவர்கள் மாறிமாறித் தேர்ந்தெடுப்பார்கள்.

பெரியப்பா முருகனடியார். அவன் திருப்பெயர் காதில் விழுந்தால் அதைத் தள்ளிவிட்டு மற்றொன்றைச் சொல்ல அவருக்கு நா எழாது. இது ஊரறிந்த செய்தி. பெரியம்மா சமைக்கும் அரிசிம்பருப்புச் சோறும் ஊரறிந்ததே. பெரியப்பாவின் அணிக்கு அன்று அவர் வீட்டில் விருந்து. ஆகவே, சாப்பிட விரும்பியவர்கள் கந்தனென்றும் கடம்பனென்றும் பெயர் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். வெல்ல விரும்பியவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டு மாமாவின் பக்கம் போனார்கள். ஆண்டு தவறாமல் நாங்கள் தோற்றோம்.

எனக்கு எட்டு வயது நடந்த ஆண்டு நோன்பியின்போது வேறொரு சங்கடமும் இருந்தது. என் அப்பாவும் பெரியப்பாவும் ஓராண்டாகப் பேசிக்கொள்வதில்லை. நிலத்தைப் பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவாக நின்றது. மோட்டாரை யார் எந்த நாள் போடுவது என்பதில் ஒரு சொல் கூடிப்போயிற்று. அதன்பின் இருவரும் ஒரே வரப்பில் எதிரெதிரே நின்றாலும் நடுவில் நான் வேண்டும். “இன்னைக்கு மோட்டாரு யாருதுன்னு உங்க பெரியப்பங்கிட்டக் கேளு அம்மிணி” என்பார் அப்பா. “நாளைக்குத்தான் அவனுக்குன்னு சொல்லு அம்மிணி” என்பார் பெரியப்பா. இருவர் காதிலும் விழுந்துவிட்ட சொற்களை நான் மறுபடி சொல்வேன். இதுவும் ஒருவகை விளையாட்டு என்றே எண்ணியிருந்தேன். ஆனால் நான் வீட்டுக்கு வந்ததும், “ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா?” என்று அம்மா கேட்பாள். “எங்கிட்டத்தான் பேசுனாங்க” என்பேன். அவள் முகம் வாடிவிடும். என்னிடம் பேசினால் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தன்று காலை பெரியப்பாவின் மாட்டுக் கட்டுத்தறியில் ஆலோசனை நடந்தது. பால் சொசைட்டியில் பால் அளப்பவர் எங்கள் அணிக்கு மந்திரி.

“ஏனுங்ணா, போன வருசம் எட்டுப் பேருல ஓடுனது ரெண்டு பேரு. மூணு பேருக்கு மூச்சு முட்டிருச்சு. மிச்சம் மூணு பேரு எதுக்கு வந்தாங்கன்னு அவியளுக்கே தெரியாதுங்” என்றார் அவர்.

“திங்க வந்தாங்க” என்று அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது.

“சாமி பேரைச் சொல்றப்போ வேண்டாம்னு எப்படிச் சொல்றது?” என்றார் பெரியப்பா.

“நீங்க ஆட்டத்துக்கு ஆளெடுக்கறீங்களா, பழனிக்கு ஆள் சேர்க்கறீங்களா?” என்றாள் பெரியம்மா.

பால்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மாடு வாங்கப் போனா மொதல்ல கறவையைப் பாக்கோணும், கன்னைப் பொறவு பாத்துக்கலாம். உங்க தங்கச்சி மவன் நெட்டையன் வர்றானுங்க. கையைத் தூக்குனாலே வளையத்தைத் தொடுவான். அவன் ஒருத்தன் நம்ம பக்கம் நின்னாப் போதும்” என்றார்.

“ஒத்தை ஆளை நம்பி எப்படீங்க? அவன் காலு சுளுக்கிக்கிட்டா அந்த எடத்துல யாரு நிப்பா? நெழல்ல உக்காந்திருக்கறவனும் ஆடத் தெரிஞ்சவனா இருக்கோணும்” என்றார் பெரியப்பா.

இந்த வாதம் வெயிலேறும்வரை நீண்டது. ஒருகால் கறவை வென்றது. மறுகால் கன்று வென்றது. எனக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிழலில் உட்கார்ந்தாலும் அதே சோறுதான் என்றால், வெயிலில் ஓடுவதற்கு மனிதர் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பதே என் பெரிய ஐயமாக இருந்தது.

பிற்பகலில் உத்தி தொடங்கியது. பெரியப்பாவிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலெல்லாம் முருகன் வந்தான். வந்தவனையெல்லாம் அவர் எடுத்தார். வேலவன் என்று எடுத்தால் முழங்கால் வலிக்காரர் வந்தார். சண்முகன் என்று எடுத்தால் தேங்காய் வியாபாரி தொந்தியைச் சுமந்துகொண்டு வந்தார். பால்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். எஞ்சியது நெட்டையன் ஒருவனே. வாளையார் வழியாக லாரி ஓட்டி வந்தவன், அங்குள்ள சாவடியில் வண்டி நின்றுவிட்டபடியால் அப்போதுதான் வந்து சேர்ந்தான். அவனுக்கு இணையாக நிற்க ஆளில்லை.

அப்பா களத்துக்குள் வராமல் வரப்போரம் பனையடியில் நின்றிருந்தார். பாகப் பிரிவினைக்குப் பின் அவர் அந்தக் களத்தை மிதித்ததில்லை. மாமா போய் அவர் கையைப் பிடித்தார்.

“மச்சான், ஒரு ஆளு கொறையுதுங்க. வாங்க.”

“எனக்கு ஆடத் தெரியாதப்பா.”

“இங்க யாருக்குத் தெரியுது? வாங்கன்னா.”

அப்பா குள்ளம். பந்தைத் தொட்டறியாதவர். மாமா இழுத்த இழுப்புக்கு அவர் வந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

அப்பாவும் நெட்டையனும் பெயர் வைக்க வந்தபோது, நான் வைக்கோற்போரின் மறுபுறத்தில் கொடுக்காப்புளி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மாமா, நான் மயிலேறி வந்தவன்னு வெச்சுக்கறனுங்க. பெரிய மாமா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துருவாரு. அத்தை ஊட்டுச் சோறு தின்னு நெம்ப நாளாச்சு” என்றான் நெட்டையன்.

“வெச்சுக்கடா.”

“நீங்க?”

அப்பாவோ, “கலப்பை புடிச்சவன்னு சொல்லு. என்னை எதுக்கு அவரு எடுக்கப் போறாரு?” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் மகிழ்ச்சி. மயில்தான் நெட்டையன்! இந்த ஒருமுறை பெரியப்பாவின் பக்தியும் பால்காரரின் கணக்கும் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டன. நான் போரைச் சுற்றி ஓடிப் பெரியப்பாவின் காதில், “பெரியப்பா, மயிலேறி வந்தவன் நெட்டையனுங்க. கலப்பை எங்கப்பாங்க” என்றேன்.

“நெசமாலுமா அம்மிணி?”

“சாமி சத்தியமுங்க. நானே கேட்டனுங்க.”

அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் இருவரும் தோளில் கைபோட்டபடி எதிரே வந்து நின்றார்கள். பெரியப்பாவின் முறை.

“மயிலேறி வந்தவன் வேணுமா, கலப்பை புடிச்சவன் வேணுமா?” என்று நெட்டையன் கூவினான்.

கூட்டம் சிரித்தது. விடை எல்லார்க்கும் தெரிந்ததுதானே! பேச்சில்லாத அண்ணன் பக்கம் போக அப்பா சாமி பெயர் வைக்கமாட்டார், ஆகவே மயில் நெட்டையன்தான் என்பதும் தெரிந்ததே. மாமாகூடத் தோல்வியை ஒப்புக்கொண்டவர்போலப் பந்தைக் கீழே வைத்தார். “எடுங்ணா, எடுங்ணா! மயிலு!” என்று பால்காரர் பின்னால் நின்று துடித்தார்.

பெரியப்பாவின் உதடு அசைந்தது. முருகன் பெயரைத்தான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார் போலும். அப்பா தலைகுனிந்து தம் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலப்பை” என்றார் பெரியப்பா.

பால்காரர், “ஐயோ, குடி கெட்டுதே!” என்று அலறினார். நெட்டையன் வாயைப் பிளந்தபடி மாமாவின் பக்கம் போனான். அப்பா நகரவே இல்லை. மாமா முதுகில் கைவைத்துத் தள்ளிய பிறகுதான், அடிமேல் அடிவைத்து வந்து பெரியப்பாவுக்குப் பின்னால் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நான் குழம்பித் தவித்தேன். நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லையோ? மாற்றிச் சொல்லிவிட்டேனோ? அல்லது முருகன்மேல் அவருக்குக் கோபமோ? வாழ்நாளில் ஒருமுறைகூடத் தள்ளாத பெயரை, வெற்றியைக் கையில் ஏந்தி வந்த நாளிலா தள்ளுவது? அந்தப் பெருமான் கோபித்துக்கொள்ளக்கூடாதே என்று, எனக்குத் தெரிந்த இரண்டு வரிகளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. நெட்டையன் நின்ற இடத்திலிருந்தே பந்தை வளையத்துக்குள் விட்டான். எங்கள் பக்கத்தில் முழங்காலும் தொந்தியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. “கலப்பையை எடுத்துட்டு நெழல்ல இருக்கறவனை எறக்குங்ணா!” என்று பால்காரர் கத்தினார். பெரியப்பா மூவரை மாற்றினார். அப்பாவை மட்டும் மாற்றவில்லை. அவரிடம் ஏதேனும் சொல்லவேண்டுமானால் வழக்கம்போல என்னை அழைத்தார்.

“உங்கப்பனை எடதுபக்கமா நிக்கச் சொல்லு அம்மிணி.”

நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“பந்து வந்தா வெச்சுக்கிட்டு நிக்கவேண்டாம்னு சொல்லு.”

மறுபடியும் ஓடினேன். மூன்றாம் முறை ஓடியபோது பந்து என் காதருகே பறந்தது. ஊதல் வைத்திருந்த வாத்தியார் ஆட்டத்தை நிறுத்தினார்.

“பொம்பளைப் புள்ளையக் களத்துக்குள்ள ஓட விடறீங்களே, மண்டை ஒடைஞ்சா யாரு சமாதானம் சொல்றது? இனி உள்ள வந்தா ஆட்டமே கெடையாது” என்று அதட்டி, என்னைக் களத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

அடுத்த பந்து அப்பாவின் கைக்கு வந்தது. பெரியப்பா வளையத்தடியில் தனியாக நின்று கையை ஆட்டினார். அப்பா பந்தைப் பிடித்தபடி திகைத்து நின்றார். பெரியப்பா என்னைத் தேடித் திரும்பினார். நான் தொலைவில் இருந்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“டேய், எருமை! இங்க போடுடா!”

அப்பா திடுக்கிட்டுப் பந்தை வீசினார். அது பெரியப்பாவைத் தாண்டி, கடலைச் செடிப் போரில் போய் விழுந்தது.

“எங்கடா போடற? கண்ணு எங்க இருக்குது உனக்கு?”

“நீங்க எங்க நின்னீங்க? அக்கட்டப் போய் நின்னுக்கிட்டு என்னைச் சொன்னா?”

“என்னை நகரச் சொல்றியா நீயி?”

“ஆமா, சொல்றேன்! எல்லாத்துலயும் நீங்க சொல்றதுதானா, அண்ணா? நான் ஒண்ணும் சொல்லக்கூடாதா?”

“சொல்லேன்டா! ஒரு வருசமா வாயில என்ன வெச்சிருந்த? சொல்லேன்!”

ஆட்டம் நின்றுவிட்டது. இருவரும் நெஞ்சுக்கு நெஞ்சாக நின்று கத்தினார்கள். பந்திலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து மோட்டாருக்கும் பேச்சுத் தாவியது. வாத்தியார் ஊதலை வாயில் வைத்தார். மாமா அவர் கையைப் பிடித்து, ஊதவேண்டாம் என்று தலையசைத்தார். விலக்கிவிட வேண்டியவர்களே வேடிக்கை பார்த்தார்கள். இனிமேல் என் மூலமாகக்கூடப் பேசமாட்டார்கள், எல்லாம் தீர்ந்தது என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அடுப்பில் உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பாவும் பெரியப்பாவும் சண்டை போடறாங்க!”

அவள் கை நின்றது. “யாரு சொல்லி அனுப்புனா? எங்கிட்டச் சொல்லச் சொன்னாங்களா?”

“இல்லீங்கம்மா. என்னைக் கூப்புடவே இல்ல. அவியளே நேருக்கு நேராக் கத்தறாங்க. பெரியப்பா அப்பாவை எருமைன்னு சொன்னாரு!”

“அப்பா என்ன சொன்னாரு?”

“அவரும் விடல. எல்லாத்துலயும் நீங்க சொல்றதுதானா, அண்ணா, அப்படீன்னு கத்துனாரு.”

“அண்ணான்னு சொன்னாரா?”

“ஆமாங்கம்மா. போய் வெலக்கி விடுங்கம்மா!”

அம்மா எழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது; சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு குதிரிலிருந்து இன்னும் இரண்டு படி அரிசியை அளந்து களைந்து, அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள். எங்கள் பக்கம் தோற்று, சண்டையும் மூண்ட வேளையில் இவள் யாருக்குச் சமைக்கிறாள் என்று அறியாமல், கண்ணைத் துடைத்தபடி அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதனை வாசிப்போர் மனையில் அடுப்பு அணையாதிருக்க. உடன்பிறந்தார் நாவில் சொல் வற்றாதிருக்க. குன்றுதோறும் நின்றருளும் குமரன் கருணை எல்லார்க்கும் நிழலாகுக.