நூற்று எழுபத்திரண்டு திர்ஹாம்

2007-இல் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பொம்மைக் கடையின் மாடியில் எனக்கு வேலை. கீழே பொம்மையும் குழந்தைத் துணியும் விற்றார்கள். மேலே ஒரு கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஒரு மின்விசிறி, கூரை வரை அட்டைப் பெட்டிகள். கடைக்காரர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பஜார் முழுக்க அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, பொன்னேரி பக்கத்து ஆட்கள் துபாயிலும் ஷார்ஜாவிலும் நிறைய இருந்தார்கள். அவர்கள் அங்கிருந்து இணையத்தில் பணம் கட்டினால், இங்கே பிள்ளைகளிடம் சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகப் பாய் ஒரு வெப்சைட் வைத்திருந்தார். அதைச் செய்து கொடுத்த சென்னைக்காரர் பாதியில் விட்டுப் போக, திருவள்ளூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்த என்னிடம் அது வந்து சேர்ந்தது.

மகளுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. அவள் வயிற்றில் இருக்கும்போதே என் கணவர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். சிப்காட்டில் ஃபிட்டராக இருந்தவர். கம்பெனியில் ஆள் குறைத்தபோது கிளம்பினார். அந்த ஊர்க் கம்பெனி இரண்டு வருஷம் முடித்தால்தான் டிக்கெட் தரும். ஆனாலும் மகளின் முதல் பிறந்தநாளுக்குச் சொந்தச் செலவில் வந்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்தார். அவள் முகத்தை அவர் பார்த்தது போட்டோவில்தான். அந்த வருஷம் நான் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் அடியில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. வருவாரா?

ஒரு நாள் பாய் மாடிக்கு ஏறி வந்தார்.

"ஏம்மா, அங்க கீறவன் திர்ஹாம்ல சம்பளம் வாங்கறான். நாம ரூபாயில வெல போட்டுகினு கீறோம். அவன் கணக்கு போட்டுப் பாத்துட்டு, அப்பறம் வாங்கிக்கலாம்னு போயிடறான். திர்ஹாம்லயே காட்ட முடியுமா?"

"காட்டலாம் பாய். ஆனா ரேட்டு தெனமும் மாறும்."

"நீ தெனமும் மாத்து. சும்மாவா நாஷ்டா வாங்கித் தரேன்."

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, பத்து நாளுக்கு மேல் அதோடு மல்லாடினேன். பக்கத்தின் மேல்மூலையில் ஒரு சின்னப் பட்டியல். ரூபாய், திர்ஹாம், ரியால், ரிங்கிட். எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அந்தப் பணத்தில் எல்லா விலையும் மாறிக் காட்ட வேண்டும். ரேட்டைத் தானாக இழுத்துக்கொள்ளும்படி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. எங்கேயாவது ஒரு புள்ளி தவறி, நூறு ரூபாய்ப் பொம்மை ஒரு திர்ஹாமுக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? அதனால் காலையில் கடைக்கு வந்ததும் ஒரு வங்கியின் தளத்தைப் பார்த்து நானே கையால் ரேட்டை அடித்தேன். அடித்ததைச் சரிபார்த்தேன். கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

"கீழ சின்ன எழுத்துல ரூபாயும் இருக்கட்டுமே பாய்."

"இன்னாத்துக்கு? நாலு நம்பர் மூணு நம்பராத் தெரிஞ்சாத்தான் கை தானாப் போவும். ரூபாயப் பாத்தான்னா அவனுக்கு ஊட்டு வாடகை ஞாபகம் வந்துடும்."

அவர் சிரித்தார். முதலாளி சொல்வதைச் செய்துவிட்டேன்.

சரியாக வேலை செய்கிறதா என்று அந்த ஊரிலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எனக்கு அங்கே என் கணவரை விட்டால் வேறு யாரைத் தெரியும்? வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. போன் கார்டு போட்டு அன்றைக்குத்தான் பேசுவார். பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை உற்சாகமாகப் பேசினார்.

"நல்லாக் கீது. இங்க புதுசா வர்றவன் எல்லாத்தையும் ரூபாய்க்கு மாத்திப் பாப்பான். டீ ஒரு திர்ஹாம்னா, பன்னெண்டு ரூபாயான்னு குடிக்காம வந்துடுவான். நான் இன்னும் அப்டித்தான். ரூம்ல எல்லாரும் ஓட்டறானுங்க. ஒன் வெப்சைட்ல அந்த பேஜாரே இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. பாய்க்கும் சந்தோஷம். ஆர்டர் கூடிக்கொண்டே போனது.

ஆனால் அந்த வருஷம் ரூபாய் ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது என்றால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். எங்களைப் போன்ற வீட்டுக்கு அது நேர்மாறு. ஒரு திர்ஹாமுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று அடிக்கத் தொடங்கியவள், பதினொன்றரை, பதினொன்று என்று இறக்கி அடித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாடகையும் பால்பவுடரும் குறையவில்லை. மாதாமாதம் அனுப்பும் அதே ஐயாயிரம் ரூபாயை இங்கே அனுப்ப அவர் அங்கே இன்னும் கொஞ்சம் திர்ஹாம் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தக் கொஞ்சம் டிக்கெட்டுக்கு எடுத்து வைப்பதிலிருந்துதான் போகும். காலையில் மகளைக் குளிப்பாட்டி வைத்துவிட்டு வந்து நான் முதலில் செய்கிற வேலை, அவர் சம்பளத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று என் கையாலேயே அடிப்பது. எனக்கு அப்படித்தான் பட்டது. போனில் கேட்டால், "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பார்.

பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை ஆர்டர் பக்கத்தைத் திறந்தேன். மேலே புதிதாக ஒன்று இருந்தது. சிவப்பு நிற பெடல் கார், ஒன்று. நூற்று எழுபத்திரண்டு திர்ஹாம். அனுப்ப வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டு முகவரி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் அதே முகவரிதான். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்ப் பொம்மை. பணம் கட்டிய கார்டில் என் கணவரின் சூப்பர்வைசர் பெயர் இருந்தது. கையில் காசைக் கொடுத்துவிட்டு அவர் கார்டைக் கேட்டிருப்பார். டிக்கெட்டுக்கு ஒரு மாதம் எடுத்து வைப்பதைவிட அது அதிகம். ரூபாய் விலையையும் கீழே காட்டியிருந்தால் யோசித்திருப்பாரே என்றுதான் முதலில் நினைத்தேன். பார்க்கச் சொன்னதும் நான்தானே. பாயிடம் இன்னும் ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

பாய் வந்து தோளுக்கு மேலிருந்து திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நம்ம வலையில ஒன் ஊட்டுக்காரரே மாட்டிகினாரா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வேணாம்னா சொல்லு. கேன்சல் பண்ணிடலாம். ஆனா பணம் அந்தக் கார்டுக்குத்தான் திரும்பப் போவும், பாத்துக்க."

அதுதான் சிக்கல். பணம் சூப்பர்வைசரிடம் போய்ச் சேரும். மகளுக்குப் போட்ட ஆர்டரைப் பெண்டாட்டி வேண்டாம் என்று திருப்பிவிட்டாள் என்று இவர் போய் அவர் முன்னால் கேட்டு நிற்க வேண்டும். அந்த நிலைமையை அவருக்கு உண்டாக்க எனக்கு உரிமை இருக்கிறதா? உண்டாக்காமல் விட்டால் அவர் வருவது தள்ளிப்போகாதா? வெள்ளிக்கிழமை வரை அனுப்ப வேண்டாம் என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன். வீட்டில் மாமியாரிடம் சொன்னேன்.

"அவன் ஆசப்பட்டு அனுப்பறான், நீ இன்னாம்மா கணக்கு பாத்துகினு கீற?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அவன் வந்தா இந்த வண்டி கிண்டி ஒண்ணும் வாணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வாரம் ரேட்டு இன்னும் நாலு பைசா இறங்கியது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. எடுத்தவுடனே கேட்டார்.

"வண்டி வந்துதா?"

"நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"ஏன், கலர் நல்லால்லியா?"

"கலர் இல்லீங்க. டிக்கெட்டுக்கு வச்ச காசு அது. அத எடுத்துப் பொம்மைக்குக் கொடுத்தா பிறந்தநாளைக்கு எப்படி வருவீங்க? ரூபாயும் சேர்த்துப் போட்டிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க. தப்பு எம்மேலதான்."

 போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ தலகீழாப் புரிஞ்சிகினு கீற," என்றார். "டிக்கெட்டு ஆவாதுன்னு எனக்குப் போன மாசமே தெரியும். வெல ஏறிடுச்சு. நான் எடுத்து வச்சதும் ஊட்டுக்கு அனுப்பறதுலயே போயிடுச்சு. ஒங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல. வர முடியலன்னுதான் வண்டியப் போட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"ரூபாய்க்கு மாத்தியும் பாத்தேன். மாத்தாம எனக்கு எது வாங்கத் தெரியும்? தெரிஞ்சேதான் வாங்கினேன். அனுப்பச் சொல்லு."

மறுநாள் காலை ரேட்டை அடித்துவிட்டு, ஆர்டரை அனுப்பச் சொன்னேன்.  வேன் எங்கள் தெருப் பக்கம் போகும் நாளாக இல்லாவிட்டாலும் அன்றைக்கே போனது. பாய் கூலி போடவில்லை.

பெட்டியைப் பிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெப்சைட் பக்கத்தில் மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. அந்த வரியை அடித்ததும் நான்தான். பத்து மாதப் பிள்ளை எவ்வளவு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் அனுப்பிய போட்டோக்களில் அவள் கோரைப்பாயில் தனியாகப் படுத்திருப்பாள். பக்கத்தில் அளவு பார்க்க ஒன்றும் இருக்காது.

பிறந்தநாளன்று மாமியார் என் துப்பட்டாவை மகளின் இடுப்பைச் சுற்றி இருக்கையோடு சேர்த்துக் கட்டினார். நான் பின்னால் குனிந்து தள்ளினேன். அவள் கால்கள் பாதி தூரத்தில் தொங்கின. அதற்குக் கீழே பெடல்கள் தாமாகவே சுற்றின. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அடித்துச் சிரித்தாள். முன்பக்கமிருந்து பார்த்தால் அவளே ஓட்டுவது போலத்தான் தெரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் போன் செய்தார்.

"மிதிக்கிறாளா?"

மாமியார் என்னைப் பார்த்தார். மகள் வண்டியைத் தள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"ம், மிதிக்கிறா," என்றேன். "நல்லா மிதிக்கிறா."