இரண்டாவது பேசின்

"பாத்ரூம் முடிஞ்சா நான் ஒரேயடியா வந்துருவன்" என்று என் கணவர் சொல்லியிருந்தார். கட்டாரில் ஒரு ஹோட்டலில் அவருக்குப் பராமரிப்பு வேலை. கலகெதரப் பக்கம் சரிவில் நிற்கும் எங்கள் வீடு அவருடைய லீவுகளில்தான் வளர்ந்தது. ஒரு லீவில் அத்திவாரம், இன்னொரு லீவில் கூரை, அப்புறம் ஒரு லீவில் சமையலறை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆயிற்று. இரண்டிலும் ஆளைத்தான் காணவில்லை.

கடைசியில் பாத்ரூம் மட்டும் மிஞ்சியது. டைல்ஸ் ஒட்டி, ஷவர் பூட்டி, அதிலும் மிஞ்சியது ஒரு வெனிட்டி. பேசினும் அதற்கடியில் சின்ன அலுமாரியும் மேலே கண்ணாடியும் சேர்ந்து வருமே, அது. அதை வாங்கத்தான் ஒரு சனிக்கிழமை காலை கண்டிக்கு பஸ் ஏறினேன். கண்ணில் முதலில் படுவதை எடுத்துப் பூட்டிவிட்டு, "முடிஞ்சுது, வாங்க" என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். எனக்கு வெனிட்டி தேவைப்படவில்லை. மனுஷன் தேவைப்பட்டார்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் பெரிய கடை. தெல்தோட்டையிலிருந்து வேலைக்கு வருகிற பெண்ணொருத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வாங்கக்கா. இப்ப எல்லாரும் செவுத்துல மாட்டுறதுதான் எடுக்குறாங்க. கீழ கூட்டித் தொடைக்க லேசு" என்றாள்.

வெள்ளையாக, சின்னதாக, அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதுவே போதும். ஒரு மரியாதைக்கு அவரிடமும் காட்டிவிடுவோமே என்று வீடியோ கோல் எடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"செவத்துல தொங்குறது வாணாம்! நெலத்துல நிக்கிறதப் பாருங்க" என்று அங்கிருந்து கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

கல்யாணமான புதிதில் மாமி வீட்டில் இருந்தோம். அங்கே ஒரு பேசின், சுவரில் பொருத்தியது. தொழுகைக்கு வுழூ எடுக்கும்போது இவர் முகம், கை எல்லாம் கழுவி முடித்து, வலது காலைத் தூக்கி பேசினுக்குள் வைத்துவிடுவார். பள்ளிவாசலில் உட்கார்ந்து கால் கழுவ ஹவுல் தொட்டி இருக்கிறது, வீட்டில் வாளியும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஆம்பிளைகளுக்கு பேசினைக் கண்டால் கால் தானாக மேலே போய்விடும். ஒருநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு அப்படி வைத்ததும், பேசின் சுவரை விட்டுப் பெயர்ந்து கீழே வந்தது. தண்ணீர் கூரைவரை பாய்ந்தது. நனைந்த கோழியாக அவர் ஒற்றைக்காலில் நிற்க, நான் வாசலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். மாமி ஓடிவந்து, மகனை விட்டுவிட்டு, "அவன்ட கால நீ பாத்தீக்கலாமே" என்று எனக்கு ஏசினார். புது மருமகள் என்றால் மாப்பிள்ளையின் காலுக்கும் பொறுப்பு.

அந்த வருஷம்தான் அவர் கட்டாருக்குப் போனார். பிறகு அப்படி நாங்கள் சேர்ந்து சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. போனில் என்ன பேசுவோம்? சாப்பிட்டீங்களா, மகள் படிக்கிறாளா, மழையா. அவ்வளவுதான். சில நாட்களில் அவர் வைத்துவிடுவதற்கு முன் நானே வைத்துவிடுவேன்.

அன்று கடையில் அவர் வைக்கவே இல்லை. கால் உள்ள வெனிட்டிகள் நின்ற பக்கம் போகச் சொன்னார். லாச்சியை இழுத்துக் காட்டச் சொன்னார். பின்பக்கம் பலகையா என்று பார்க்கச் சொன்னார். "அந்தக் கறுப்பு வாணாம், சவுக்காரக் கறை தெரியும்" என்றார். "அதுக்கு அங்கால என்ன ஈக்கு?" என்றார். நான் போனைத் தூக்கிப்பிடித்தபடி ஒவ்வொன்றாக நடந்தேன். சேர்ந்து சாமான் வாங்க வந்த புருஷன் பெண்சாதியைப் போல இருந்தது. கண்டியில் அப்படி ஜோடியாகக் கடை ஏறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் சண்டை பிடித்தால்கூடப் பொறாமையாக இருக்கும்.

ஒரு மூலையில் இரண்டு பேசின் உள்ள ஒன்று நின்றது. தேக்கு நிறம், தடித்த நான்கு கால், அகலமான கண்ணாடி. நான் அதைத் தாண்டப் போனேன்.

"நில்லுங்க. இதான்" என்றார்.

"எங்கட வீட்டுக்கு ரெண்டு எதுக்கு?"

"சுபஹுக்கு ரெண்டு பேரும் ஒண்டா வுழூ எடுக்கலாமே. நீங்க எடுத்து முடியுறவரைக்கும் நான் வெளிய நிக்கத் தேவல்ல."

போன் திரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அதில் நான் நின்றேன், என் கையில் போன், போனுக்குள் உள்ளங்கையளவில் அவர். அவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் நிக்கிறம் பாத்தீங்களா" என்றார் மெதுவாக.

அந்தப் பெண் அப்பால் திரும்பி, துடைத்த பேசினையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கால் வெச்சாத் தாங்குமா கேளுங்க" என்றார் அவர். கேட்டேன்.

"காலா? எதுக்குண்ணே?" என்று அவள் போனையே கேட்டாள். வுழூ விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, கால வச்சா வாரண்டி போயிருமேக்கா" என்றாள். பிறகு முதலாளி இருக்கும் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, ஒரு காலைத் தூக்கி பேசினுக்குள் வைத்து அழுத்தினாள். வெனிட்டி அசையவில்லை. "நிக்குதுண்ணே!" என்றாள். கட்டாரில் அவர் சிரித்தார். பழைய சிரிப்பு. நான் அந்த இடத்திலேயே அதை எடுத்துவிட்டேன்.

லொறி சரிவில் ஏற மறுத்து, சாமான் தோளில் வந்தது. பூட்ட வந்த குழாய் வேலைக்கார பாஸ் வேலையை முடித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். "பாவிக்காத பேசினுக்கும் நாளைக்கொருக்கா தண்ணி உடுங்க தங்கச்சி. கீழ வளைவுல தண்ணி காஞ்சா நாத்தம் மேல வரும்." சரி என்றேன். கொஞ்ச நாள்தானே, பாவிக்கிறவர் வந்துவிடுவாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே படம் பிடித்து அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்" என்று வந்தது. வருகிற திகதி வரவில்லை. நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. மகள் இடது பக்கத்தில் பல் தீட்டுவாள், நானும் இடது பக்கத்தில்தான் வுழூ எடுப்பேன். வலது பக்கத்தில் ஒருவரும் கை வைப்பதில்லை. அது அவருடையது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அது அவருடையது. ஒவ்வொரு சுபஹுக்கும் என் வேலை முடிந்ததும் அந்தக் குழாயைத் திறந்து, தண்ணீர் சும்மா போவதைப் பார்த்துவிட்டு மூடுவேன். ஆளில்லாத பேசினுக்கு வுழூ. சிரிக்க வேண்டிய விஷயம்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் சுபஹுக்கு எழும்பியிருந்தபோது அவர் எடுத்தார். குரலில் ஒரு உற்சாகம்.

"கொன்ட்ராக்ட்ட நீட்டித் தாரதா சொல்றாங்க. நான் யோசிச்சன், இந்தக் கையோட மேல் மாடியையும் போட்டுருவம். மகளுக்கு நாளைக்கு உதவுமே."

பாத்ரூம் கதவடியில் நின்றிருந்தேன். கோபம் தலைக்கேறியது. நன்றாக ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஏச்சு வரவில்லை.

"மேல் மாடி வாணாம்" என்றேன். "இந்தப் பேசினுக்கு ஒரு கால் வேணும்."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. இந்த முறை நானும் வைக்கவில்லை. உள்ளே போய், வலது பக்கக் குழாயை முழுக்கத் திறந்து, போனை அதன் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் போகிற சத்தம் அவருக்குக் கேட்கட்டும்.