தல்லாகுளத்து மூட்டையும் சென்னை விமானமும்

திருச்சியிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு மைல். விமானம் ஒன்றரை மணியில் போய்விடும் என்றார்கள். மதுரையிலிருந்து திருச்சிக்கோ எண்பத்தைந்து மைல்தான். காரில் மூன்று மணிக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கையே போட்டுப் போட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. யுத்தம் முடிந்து பினாங்குக் கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம் அது. என் தம்பி சுந்தரம் சென்னையிலிருந்து புதன்கிழமை மாலைக் கப்பலில் மனைவியோடு கிளம்புவதாக எழுதியிருந்தான். அடைமழையில் ரயில் பாதை அரித்துப்போய் வண்டிகள் நின்றுவிட்டன. என்னைக் கேட்காமல் முடித்த கல்யாணம் என்று மூன்று வருஷமாக நான் அவனோடு பேசவில்லை. முகம் பார்க்காமல் அனுப்பிவிட்டால் பிறகு எங்கே போய்ப் பார்ப்பது?

புதன்கிழமை வடக்கே சூலம். அதனால் என் மனைவி திங்கட்கிழமையே நல்ல நேரம் பார்த்து, தல்லாகுளத்தில் தன் அக்காள் வீட்டில் என் மூட்டையைப் பரஸ்தானம் வைத்துவிட்டாள். சாமான் முன்னால் புறப்பட்டுவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணத்துக்குச் செய்யாத வேட்டியும் சேலையும் அதில் இருந்தன. என் கோட்டும் இருந்தது.

புதன் காலை 5.30. வில்லாபுரத்தில் வாடகைக் கார் ஏறினேன். வைகையைத் தாண்டும்போதும் கண் கடிகாரத்தில்தான்.

6.50. கொட்டாம்பட்டி. காப்பிக்கு நிறுத்தினோம். விமான நேரத்தை இன்னொரு தரம் பார்ப்போமே என்று டிக்கெட்டைத் தேடினேன். அது கோட்டுப் பையில், கோட்டு தல்லாகுளத்தில். தல்லாகுளத்தில் நிறுத்தச் சொல்ல மறந்தேபோனேன்.

டிரைவர் மாயாண்டி நிதானமாகச் சொன்னார்: "திரும்புனா பிளேனு கெடையாது. போனா டிக்கெட்டு கெடையாது. எதுண்ணே வேணும்?"

"திருச்சிக்கே போவம்" என்றேன்.

8.55. விமான நிலையம். குமாஸ்தா பயணிகளை மூட்டையோடு தராசில் நிறுத்திக்கொண்டிருந்தார். பட்டியலில் என் பெயரும், டிக்கெட் வாங்கியபோது பதிந்த எடையும் இருந்தன. ஏறி நின்றேன், ஐந்து ராத்தல் குறைந்தது. கோட்டு பாதி, சாப்பிடாதது பாதி என்றேன். பரஸ்தானக் கதையைக் கேட்டதும், தன் வீட்டிலும் இந்தக் கூத்து உண்டு என்று சொல்லி உள்ளே விட்டார்.

10.00. விமானம் கிளம்பியது. காதில் பஞ்சு, கையில் கந்த சஷ்டிக் கயிறு. மேகத்துக்குள் புகுந்து குலுங்கியபோது, செத்தால் சண்டையோடு சாவேனே என்று நிஜமாகவே பயந்தேன். 11.25க்கு மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டோம்.

12.40. துறைமுகம். தகரப் பெட்டிமேல் தம்பி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். பக்கத்தில் அவன் மனைவி. எனக்குக் கை இரண்டும் வெறுமையாக இருந்தது அப்போதுதான் உறைத்தது. துணி எடுத்திருக்கிறேன், தல்லாகுளத்தில் கிடக்கிறது என்று உளறினேன்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"அங்கனயே இருக்கட்டும் மாமா. எங்களுக்கும் அதையே பரஸ்தானமா வச்சுக்கங்க. ஊருக்கு வாரப்ப எடுத்துக்கிறோம்."

தம்பி என் தோளில் முகத்தை வைத்து அழுதான். நானும் அழுதேன்.

பாதை சரியானதும் ரயிலில் ஊர் திரும்பினேன். தல்லாகுளத்தில் அக்காள் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் திரும்பக் கட்டி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.