சந்தன மொட்டையின் பின்னால்

கல்யாணம் ஆகி ஒரு மாசம். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை. அவர் தறியில் உட்கார்ந்து நெய்வார், நான் பின்னால் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பிடரிதான். கருகருவென்று சுருட்டை முடி. ஒரு வார்த்தை பேசமாட்டார். என்னைப் பிடிக்காமல்தான் கட்டிக்கொண்டாரோ என்று உள்ளுக்குள் ஒரே பயம். வாய்விட்டுக் கேட்க மானம் விடவில்லை. நான் அப்படிப்பட்டவள்.

கல்யாண வேண்டுதலுக்கு மலைமேல் மொட்டை போட்டுக்கொண்டார். சந்தனம் பூசி, சாமி கும்பிட்டுப் படி இறங்கினோம். கீழே வந்ததும் மேட்னி பார்க்கலாமா என்று கேட்டார். ஆங் என்றேன், அவ்வளவுதான்.

கொட்டாயில் ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். படத்தில் ஒரே சாடையில் இரண்டு பேர். ஒருத்தன் ஜமீன் வீட்டுப் பிள்ளை, ஒருத்தன் சமையல்காரன். ஆள் மாறிப்போய் ஒருத்தன் மாவு அண்டாவில் விழுகிறான், மாமனார் துடைப்பத்தோடு இன்னொருத்தனைத் துரத்துகிறார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கட்டினவனைக்கூடவா ஒருத்திக்கு அடையாளம் தெரியாது என்று பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் நொடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் சாயங்கால வெயிலில் கண் கூசியது. அன்றைக்குக் கிருத்திகை. தெரு முழுக்கச் சந்தன மொட்டைகள், தங்கச் சொம்புகள் ஆற்றில் மிதந்து போகிற மாதிரி. அதில் என்னுடையதைக் கண்டுபிடித்து, ஐந்தடி விட்டுப் பின்னால் நடந்தேன். அதே உயரம், அதே துண்டு. படம் பார்த்த கிறக்கமோ, முடியில்லாத பிடரியைப் பார்த்ததில் கூச்சம் விட்டதோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. அண்டாவில் விழுந்ததைச் சொன்னேன், மாமனாரைச் சொன்னேன். பூக்கடை தாண்டும்போது மனசில் கிடந்ததும் வந்துவிட்டது.

"ஏங்க, ஒரு மாசமா எங்கூட ஒரு வார்த்த பேசலியே. என்னப் புடிக்கலயா ஒங்களுக்கு?"

மொட்டை திரும்பியது. பெரிய மீசை.

"எவரம்மா நுவ்வு?"

யாரம்மா நீ என்று தெலுங்கில் கேட்கிறார். அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், இது எங்க வீட்டுப் பெண்தான், மொட்டையில் ஆள் மாறிவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள் என்று தெலுங்கிலேயே சொன்னது. அவர்தான். கொட்டாய் வாசலிலிருந்தே எனக்குப் பின்னால் வந்திருக்கிறார். மீசைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "பாத்துகினேதான வந்தீங்க? கூப்ட்டா என்னவாம்?"

"கூப்ட்டா நீ பேச்ச நிறுத்திடுவியே."

அப்புறம் தரையைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் நடந்தார்.

"தறியில ஒக்காந்துகினு ஒன்னத் திரும்பிப் பாத்தா, நூலு அறுந்துபூடுது. துணியில ஏண்டா இத்தன முடிச்சின்னு எங்கம்மா ரெண்டு தபா கேட்டுட்டாங்க."

நடுத்தெருவில் நின்று அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று பார்த்தேன். மூக்கு கொஞ்சம் கோணல். அழகாகத்தான் இருந்தார்.